கேள்வியைக் கடைசி வாரத்திற்குத் தள்ளும் இறையியல் பாடம்

இந்தியாவில் கிறிஸ்தவ இறையியலை மாணவருக்கு அறிமுகப்படுத்தும் பாடங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் நகர்கின்றன. முதலில் வெளிப்பாடு; அடுத்துத் திருமறை, கடவுள், திரித்துவம், படைப்பு, மனிதர், பாவம், கிறிஸ்து, மீட்பு, திருச்சபை; முடிவில் இறுதிக் காரியங்கள். இவையெல்லாம் முடிந்த பின்னர், பருவத்தின் கடைசி வாரங்களில், நேரம் எஞ்சினால் ‘சமகாலக் கேள்விகள்’ என்றோர் அலகு. சாதி, பெண், நிலம், பிற சமயங்கள், சுற்றுச்சூழல் எல்லாம் அந்த ஓர் அலகுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். தேர்வுக்கு அதிலிருந்து ஒரு வினா வரும்; அதையும் விட்டுவிட்டு வேறொன்றை எழுத மாணவருக்கு உரிமை உண்டு.

இந்த வரிசை வசதிக்காக ஏற்பட்டது என்றே பாடத்திட்டம் வகுப்போர் கருதுகின்றனர். எளியதிலிருந்து கடினத்திற்கு, அடிப்படையிலிருந்து பயன்பாட்டிற்கு என்று அதற்கு விளக்கமும் தருகின்றனர். உண்மையில் இந்த வரிசையே ஓர் இறையியல் கூற்று. கடவுளைப் பற்றிய உண்மை எங்கோ, எப்போதோ, யாராலோ தீர்மானிக்கப்பட்டுவிட்டது. மாணவர் வாழும் மண் அந்த உண்மையைக் கொண்டுவந்து பொருத்திப் பார்க்கும் இடம் மட்டுமே என்று அது சொல்லாமல் சொல்கிறது. எந்தப் பேராசிரியரும் வகுப்பில் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பாடத்திட்டத்தின் பக்க எண்களே அதைச் சொல்லிவிடுகின்றன.

பெயர்களும் அதையே சொல்கின்றன. கார்ல் பார்த் எழுதியது ‘இறையியல்’. அரவிந்த் நிர்மல் எழுதியது ‘தலித் இறையியல்’. தாமஸ் அக்குவினாஸ் எழுதியது ‘இறையியல்’. வட்டி லோங்சார் எழுதுவது ‘பழங்குடி இறையியல்’. ஐரோப்பிய ஆணின் எழுத்துக்கு அடைமொழி தேவைப்படுவதில்லை. மற்ற அனைவருக்கும் தேவைப்படுகிறது. அடைமொழி பெற்றவை அனைத்தும் ‘சூழல்சார் இறையியல்கள்’ என்ற ஒற்றைக் கூரையின் கீழ் குடியேற்றப்படுகின்றன. அப்படியானால் அடைமொழி இல்லாதவை எந்தச் சூழலையும் சாராமல் வானத்திலிருந்து இறங்கியவையா?

ஒன்றை மறுக்கக் கூடாது. கடந்த நாற்பதாண்டுகளில் இந்திய இறையியல் கல்லூரிகள் பல கதவுகளைத் திறந்திருக்கின்றன. தலித் இறையியல், பழங்குடி இறையியல், பெண்ணிய இறையியல் ஆகியவை தாள்களாக, துறைகளாக, முனைவர் பட்ட ஆய்வுகளாக வளர்ந்திருக்கின்றன. அதற்காகப் போராடியவர்களின் உழைப்பு பெரிது. ஆனால் அவை எந்த இடத்தில் அமர்த்தப்பட்டுள்ளன என்பதே இங்கு வழக்கு. தனித் தாளாகத் தனி அறையில் அமர்த்தப்பட்ட கேள்வியால் பக்கத்து அறையில் நடக்கும் திரித்துவப் பாடத்திற்கு எந்த இடைஞ்சலும் இல்லை. சாதியைப் பற்றி ஒரு தாளில் நன்றாக எழுதித் தேறிய மாணவர், ‘திருச்சபையியல்’ தாளில் சாதி என்ற சொல்லையே எழுதாமலும் தேறிவிட முடிகிறது.

அடைமொழி இல்லாத இறையியல் உருவான விதத்தைப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் பொய்மை புலப்படும்.

325ஆம் ஆண்டு நிசேயாவில் ஆயர்கள் கூடியது அமைதியான அறையில் கோட்பாடு ஆராய அன்று. பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய கூட்டம் அது. பேரரசின் ஒற்றுமை அவருடைய கவலை. மகன் தந்தைக்குச் சமமானவரா, படைக்கப்பட்டவரா என்ற வாதத்தை ஆரியுஸ் செய்யுளாக்கிப் பரப்பினார். அரை நூற்றாண்டுக்கும் மேலாகியும் அந்த வாதம் ஓயவில்லை. கான்ஸ்டான்டினோப்பிளில் காசு மாற்றுபவரிடம் விலை கேட்டாலும், ரொட்டிக் கடைக்காரரிடம் விலை கேட்டாலும், பிறந்தவர்–பிறவாதவர் என்ற தர்க்கமே பதிலாக வருகிறது என்று நிசாவின் கிரகோரி சலித்துக்கொண்டார். திரித்துவம் ஒரு காலத்தில் சந்தைக் கடையின் பேச்சு. இன்று அதே திரித்துவம் மாணவரின் குறிப்பேட்டில் ஐந்து மதிப்பெண் வரையறை.

அகுஸ்தீன் தமது பெருநூலான ‘கடவுளின் நகர’த்தைத் தொடங்கியது 410இல் ரோமாபுரி சூறையாடப்பட்ட பின்னர். பழைய தெய்வங்களைக் கைவிட்டதால்தான் நகரம் வீழ்ந்தது என்று கிறிஸ்தவர்கள் மீது பழி விழுந்தது. அந்தப் பழிக்கு விடையாகவே அந்நூல் தொடங்கியது. தாமஸ் அக்குவினாஸ் எழுதியபோது அரபு மொழி வழியாக வந்து சேர்ந்த அரிஸ்டாட்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தை உலுக்கிக்கொண்டிருந்தார். இப்னு சீனாவையும் இப்னு ருஷ்தையும் யூத அறிஞர் மைமோனிடஸையும் படித்து, ஏற்றும் மறுத்தும் எழுதினார் அக்குவினாஸ். ‘பிற சமயங்களோடு உரையாடல்’ என்று கடைசி அலகில் வைக்கப்படுவது அவருக்கு முதல் பக்கத்து வேலையாக இருந்தது. லூதரின் அருள்கோட்பாடு பாவமன்னிப்புச் சீட்டு வணிகத்தோடு மோதியதில் ஊரறியத் தெறித்தது.

கார்ல் பார்த்தின் கதை இன்னும் அண்மையது. 1914இல் ஜெர்மனியின் போரை ஆதரித்து 93 அறிஞர்கள் வெளியிட்ட அறிக்கையில் அவருடைய இறையியல் ஆசிரியர்களின் பெயர்களும் இருந்தன. கற்ற இறையியல் முழுவதும் ஒரே நாளில் ஆட்டம் கண்டது. அப்போது அவர் சுவிட்சர்லாந்தின் சாஃபன்வில் என்ற ஆலைத் தொழிலாளர் ஊரில் போதகர். அங்கிருந்து எழுதியதே உரோமையர் திருமுகத்திற்கான விளக்கவுரை. 1934இல் பார்மன் அறிக்கையை எழுதுவதில் அவர் முதன்மைப் பங்கு வகித்தபோது எதிரே நின்றது நாட்சி அரசுக்குப் பணிந்துகொண்டிருந்த திருச்சபை. இவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தின் வெளிப்பாட்டுக் கோட்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர் படிப்பது பார்த்தை அன்று, பார்த்தின் எலும்புக்கூட்டை.

ஆக, மேலை இறையியலின் ஒவ்வொரு பெரிய விடையும் தன் காலத்தின் கேள்வியைச் சுமந்து பிறந்தது. பாடநூல் அந்தக் கேள்வியை அகற்றிவிட்டு விடையை மட்டும் இந்தியாவுக்கு அனுப்புகிறது. இங்குள்ள கேள்விகளுக்கோ விடை எழுத இடம் ஒதுக்காமல், அவற்றைப் ‘பயன்பாடு’ என்று பெயரிட்டுக் கடைசிக்குத் தள்ளுகிறது.

இந்தியாவில் கேள்விகளுக்குப் பஞ்சமும் இருந்ததில்லை. கிறிஸ்தவ இறையியல் மாணவராக ஒருவர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பண்டித ரமாபாயைவிட (1858–1922) நல்ல சான்று கிடைப்பது அரிது. சமஸ்கிருதப் புலமையால் பண்டித, சரஸ்வதி பட்டங்கள் பெற்றவர். இளம் வயதில் கணவரை இழந்தவர். 1883இல் இங்கிலாந்தின் வான்டேஜில் திருமுழுக்குப் பெற்றார். பிறகு செல்டனம் பெண்கள் கல்லூரியில் பயின்றும் கற்பித்தும் வந்தார். அவருக்குக் கிறிஸ்தவக் கோட்பாட்டைக் கற்பிக்கும் பொறுப்பு சகோதரி ஜெரால்டினுக்கும் கல்லூரி முதல்வர் டோரதியா பீலுக்கும் வாய்த்தது. அவர்களுக்கிடையே நடந்த கடிதப் போக்குவரத்து இன்று அச்சில் கிடைக்கிறது.

அந்தக் கடிதங்களில் ரமாபாய் திரித்துவத்தைக் கேள்வி கேட்கிறார். திருச்சபையின் அதிகாரத்திற்கும் வேதத்தின் அதிகாரத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்கிறார். இந்தியப் புரோகிதரின் நுகத்தை உதறிவிட்டு வந்தவர் இன்னொரு புரோகிதக் குழுவின் நுகத்தை ஏன் கழுத்தில் ஏற்க வேண்டும் என்று கேட்கிறார். சிலுவையில் இலத்தீன் வாசகம் எதற்கு, சமஸ்கிருதம் அதைவிடத் தாழ்ந்த மொழியா என்றும் வாதிடுகிறார். அவர் ஆண்களுக்குப் பாடம் நடத்துவது இந்தியாவில் அவருடைய நற்பெயரைக் கெடுக்கும் என்று ஆயர்கள் தடை சொன்னபோது, அந்த முடிவை எடுக்க அவர்கள் யார் என்று கேட்டார். ஆசிரியர்கள் இவற்றை ஆணவம் என்றும் அறியாமை என்றும் வருந்தினர். பொறுமையாக விடையளிக்க முயன்றதும் உண்டு.

அந்த மாணவியே பின்னாளில் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, மூலமொழிகளிலிருந்து வேதாகமம் முழுவதையும் மராத்தியில் மொழிபெயர்த்தார். கைவிடப்பட்ட பெண்களுக்காகக் கேட்காவில் முக்தி இல்லத்தை எழுப்பினார். கேள்வி கேட்டதால் அவருடைய விசுவாசம் கரைந்துவிடவில்லை. இன்றைய பாடத்திட்டம் ரமாபாயை எங்கே வைக்கிறது? ‘இந்தியத் திருச்சபை வரலாறு’ தாளில், சமூகத் தொண்டு புரிந்த பெண்மணிகளின் வரிசையில். திரித்துவப் பாடத்தில் அவருடைய கடிதங்களுக்கு இடமில்லை. திரித்துவத்தைப் பற்றி அவர் எழுதியதெல்லாம் இறையியல் அன்று, வாழ்க்கை வரலாறு என்பது தீர்ப்பு.

இதே விதி சாதிக்கும் நேர்ந்தது. 1803இல் செராம்பூரில், கேரியும் அவருடைய தோழர்களும் நடத்திய திருப்பணியில், பிராமணரான கிருஷ்ண பிரசாத் என்ற கிறிஸ்தவருக்கும் தச்சர் கிருஷ்ண பாலின் மகளுக்கும் திருமணம் நடந்தது. திருச்சபை என்பது என்ன என்ற கேள்விக்கு அந்தத் திருமணம் ஒரு விடை. தெற்கே, தரங்கம்பாடி–தஞ்சை வழிவந்த சபைகளில் வேறொரு விடை நிலவியது: தனித்தனி இருக்கைகள், திருவிருந்துக் கிண்ணத்தை முன்னே பெறுவோர், பின்னே பெறுவோர். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் இந்த வேறுபாடுகள் அனைத்தும் உடனே, முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பினார். தஞ்சையிலும் திருச்சியிலும் சென்னை வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டு விலகினர். சாதி என்பது சமய வழக்கம் அன்று, ஐரோப்பாவில் உள்ள அந்தஸ்து வேறுபாடு போன்ற உலகியல் வழக்கமே என்பது அவர்கள் தரப்பு. தஞ்சையின் பெரும்புலவர் வேதநாயகம் சாஸ்திரியாரும் அந்தத் தரப்பில் நின்றவரே.

இது வெறும் நிர்வாகத் தகராறா? கிறிஸ்துவின் உடல் என்று திருச்சபையைச் சொல்லும்போது அந்த உடலுக்குள் தீட்டு இருக்க முடியுமா என்பது இங்கு எழுந்த கேள்வி. கடவுளின் அருளுக்கு உட்படாத ‘உலகியல்’ என்றொரு புலம் உண்டா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. லூதரின் இரண்டு ஆட்சிகள் கோட்பாட்டை அடைமொழியின்றிக் கற்பிக்கும் வகுப்பு, அதே கோட்பாடு காவிரிக் கரையில் ஒரு கிண்ணத்தின் முன்னால் நின்று சோதிக்கப்பட்டதைக் கற்பிப்பதில்லை. அது ‘வரலாறு’, வேறு தாள்.

‘இந்தியத் தன்மை’ சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணமும் போதாது. வங்கத்தின் பிரம்மபாந்தவ் உபாத்யாய் (1861–1907) சச்சிதானந்தம் என்ற சொல்லால் திரித்துவத்தைப் பாடினார். சென்னையில் செஞ்சையா, சக்கரை முதலியோர் 1938இல் ‘இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்தல்’ என்ற பொருளில் நூல் வெளியிட்டு, தாம்பரத்தில் கூடவிருந்த உலக மிஷனரி மாநாட்டின் முன்னால் ஹென்ட்ரிக் கிரேமரின் நிலைப்பாட்டை எதிர்கொண்டனர். துணிச்சலான முயற்சிகள்தாம். ஆனால் 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை அந்த மரபு முழுவதையும் நிறுத்திக் கேட்டது: இந்திய இறையியல் என்ற பெயரில் உரையாடப்பட்டது யாருடைய இந்தியா? வேதாந்தத்தோடு பேசத் தெரிந்த இறையியலுக்கு, திருச்சபையின் பெரும்பான்மையாக இருந்த ஒடுக்கப்பட்டோரின் வலியோடு பேச ஏன் தெரியவில்லை?

நிர்மல் அதை முழக்கமாக விட்டுவிடவில்லை. உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் தம் அலைந்து திரிந்த மூதாதையை நினைவுகூரும் அறிக்கையை எடுத்துக்கொண்டு, தலித் கிறிஸ்தவரின் விசுவாச அறிக்கை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று காட்டினார். இன்னாரின் பிள்ளை என்பதை மறைக்காமல் சொல்லித் தொடங்கும் அறிக்கை அது. அவருக்குப் பின் வந்த சத்தியநாதன் கிளார்க், ஊரார் தீட்டென்று ஒதுக்கிய பறையைக் கிறிஸ்துவை உணர்த்தும் குறியீடாக வாசித்தார். வடகிழக்கின் பழங்குடி இறையியலாளர்கள் நிலத்திலிருந்து தொடங்கினர். அவர்களுக்குப் படைப்பு என்பது மீட்புக்கு முன்னுரையாக வைக்கப்படும் முதல் அத்தியாயம் அன்று, கடவுளும் சமூகமும் சந்திக்கும் இடம். இவை கிறிஸ்தியலும் படைப்பியலும் ஆகும். கிறிஸ்தியல் வகுப்பிலும் படைப்பியல் வகுப்பிலும் முதல் வாரத்திலேயே படிக்கப்பட வேண்டியவை.

இந்தக் கேள்விகளை வகுப்பறை ஒத்திவைக்கலாம், நாடு ஒத்திவைக்கவில்லை. வகுப்பறை விட்ட இடத்தை நீதிமன்றம் நிரப்பிக்கொண்டிருக்கிறது.

1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணை, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துவந்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவருக்கு, அதே தொழில் செய்த மற்றவர்களுக்கு அரசு இலவசமாக அளித்த பங்க் மறுக்கப்பட்டது. அதிலிருந்து எழுந்த சூசை வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதியின் கொடுமைகள் கிறிஸ்தவத்திற்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்று மனு தள்ளுபடியானது.

இந்தத் தீர்ப்பைவிடக் கூர்மையான திருச்சபையியல் வினாத்தாள் எந்தக் கல்லூரியிலாவது அச்சிடப்பட்டதுண்டா? கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்று திருச்சபை மறையுரையில் சொன்னால், தலித் கிறிஸ்தவரின் உரிமைக் கோரிக்கை வலுவிழக்கிறது. சாதி இருக்கிறது என்று நீதிமன்றத்தில் சொன்னால், மறையுரை பொய்யாகிறது. ‘இருக்கிறது’ என்பதற்கும் ‘இருக்கக் கூடாது’ என்பதற்கும் இடையில், ஏற்கெனவே வந்ததற்கும் இன்னும் வராததற்கும் இடையில், திருச்சபை எங்கே நிற்கிறது? இறுதிக் காரியங்கள் பற்றிய பாடம் முழுவதும் இந்த ஒரு வழக்கிலிருந்து விரியக்கூடியது.

மனமாற்றமும் அப்படியே. ஒடிசா 1967இலும் மத்தியப் பிரதேசம் 1968இலும் இயற்றிய சட்டங்களை 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 25ஆம் பிரிவு தரும் பரப்பும் உரிமையில் ஒருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்றது. மனந்திரும்புதல் என்பது யாருடைய செயல்? போதகருடையதா, மாறுபவருடையதா, கடவுளுடையதா? பெலேகியஸுக்கு எதிராக அகுஸ்தீன் நடத்திய வாதத்தின் உயிர்நாடி இதே கேள்வி. 1935இல் இயோலாவில் தம் முடிவை அறிவித்துவிட்டு 1956 வரை எல்லாச் சமயங்களையும் எடைபோட்ட அம்பேத்கரின் கேள்வியும் இதுவே: மாறுபவர் வெறும் பொருளா, முடிவெடுக்கும் மனிதரா? அருளையும் தன்னுரிமையையும் பற்றி அரைப் பருவம் படித்த மாணவர், இந்தத் தீர்ப்பின் ஒரு பத்தியையும் வாசிக்காமல் பட்டம் பெறுவது வெட்கத்திற்குரியது.

இந்தப் பழி இறையியல் கல்லூரிகளை மட்டும் சாராது. அரசு நிதியில் முழுமையாக நடக்கும் நிறுவனங்களில் சமயப் போதனை கூடாது என்னும் 28ஆம் பிரிவைக் காட்டி, பொதுப் பல்கலைக்கழகங்கள் பல இறையியலின் பக்கமே திரும்புவதில்லை. சென்னை, மைசூர் போன்ற சில பல்கலைக்கழகங்களில் கிறிஸ்தவ ஆய்வுத் துறைகள் இருப்பது விதிவிலக்கு. 1971இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில், குருநானக்கின் வாழ்வையும் போதனைகளையும் கல்வி நோக்கில் ஆராய்வது சமயப் போதனை ஆகாது என்று உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே தடையாக நிற்பது அரசமைப்பு அன்று, தயக்கம். விளைவு இரட்டை இழப்பு. சமூகவியல் மாணவர் சாதியைப் படிக்கிறார், அருளைப் பற்றிய வாதத்தை அறியார். இறையியல் மாணவர் அருளைப் படிக்கிறார், சாதியைப் பற்றிய ஆய்வை அறியார். இருவரும் ஒரே ஊரில், ஒரே தெருவின் இரு முனைகளில் படித்துக்கொண்டிருக்கின்றனர்.

மறுப்புகள் வரும். அவற்றுள் மூன்று மதிப்புக்குரியவை.

முதலாவது: இலக்கணம் அறியாதவரிடம் கவிதை கேட்கலாமா? அடிப்படைக் கோட்பாடுகளை அறிந்த பின்னரே கேள்விகளைக் கையாள முடியும் என்பது இந்த வாதம். ஆனால் எந்தக் குழந்தையும் நன்னூலைப் படித்து முடித்துவிட்டு ‘அம்மா’ என்று அழைப்பதில்லை. பேசத் தொடங்கியவருக்கே இலக்கணம் பயன்படுகிறது. தவிர, முதலாண்டு மாணவர் கேள்வியின்றி வகுப்புக்கு வருவதாக எண்ணுவதே பிழை. தம் ஊரின் கோயிலையும் கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டுத்தான் அவர் வருகிறார். அந்தக் கேள்வியை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்வது பாடத்திட்டமே.

இரண்டாவது: இளம் மாணவரின் விசுவாசம் குலைந்துவிடும் என்ற அச்சம். போதகப் பணிக்குச் செல்வோரைப் பற்றிய கவலை இது, எள்ளத் தக்கதன்று. ஆயினும் பாதுகாக்கப்பட்ட விசுவாசம் எங்கே போய் உடைகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சரீர உயிர்த்தெழுதலைப் பற்றித் தேர்வில் முதல் மதிப்பெண் பெற்றவர், தம் முதல் சபையில், சாதிவாரியாகப் பிரிந்த கல்லறைத் தோட்டத்தில் ஓர் உடலை அடக்கம் செய்ய நேரும். எந்தப் பக்கம் குழி தோண்டுவது என்று சபையின் பெரியவர்கள் அவருக்குச் சொல்வார்கள். ஒன்றாக உயிர்த்தெழப்போகிறவர்கள் ஒன்றாகப் புதைக்கப்படக் கூடாதா என்று கேட்க அவருடைய பாடம் அவரைப் பழக்கியதா? பழக்கவில்லையென்றால் அந்தக் குழியில் அவருடைய இறையியலும் சேர்ந்தே புதைகிறது.

மூன்றாவது மறுப்பே வலியது. கேள்வியை முதலில் வைத்தால் இறையியல் முழக்கமாகச் சுருங்கிவிடும். இன்றைய செய்தித்தாளின் தலைப்பு நாளைய பாடமாகும். நாளை மறுநாள் அது பழையதாகும். இது கற்பனை அச்சம் அன்று. ‘சூழல்’ என்ற சொல்லைப் பத்து முறை எழுதி, மூலநூல் ஒன்றையும் திறவாமல் முடியும் கட்டுரைகள் ஏராளம். கிரேக்கமும் எபிரேயமும் சுமையென்று ஒதுக்கப்படுவதும், நிசேயாவை ஆதிக்கத்தின் சதி என்று ஒரே வரியில் கடப்பதும் நடக்கின்றன. இது ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்பதாகாது. அவர்களுக்கு மட்டமான கருவியைக் கொடுப்பதாகும். ரமாபாய் கேள்வி கேட்டார், அதற்காகவே எபிரேயம் கற்றார். நிர்மல் மரபை நிறுத்திக் கேட்டார், உபாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். இறையியல் பட்டம் எதுவும் பெறாத எம்.எம். தாமஸ் (1916–1996), இந்திய மறுமலர்ச்சிச் சிந்தனையாளர்கள் கிறிஸ்துவை எதிர்கொண்ட விதத்தைத் துருவி ஆராய்ந்து எழுதினார். நெருக்கடி நிலையின்போது அதே இறையியலோடு அரசை எதிர்த்தும் எழுதினார். கேள்வி முன்னே வரும்போது படிப்பு குறைவதில்லை. எதற்காகப் படிக்கிறோம் என்பது தெரிவதால் அது கடுமையாகிறது.

அப்படியானால் முதல் வகுப்பு எப்படி இருக்கலாம்?

கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தை மாணவர் கையில் கொடுக்கலாம். திருவிருந்து பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் அது முதன்மையானது. அது வழிபாட்டு நூலாக எழுதப்படவில்லை. பந்திச் சண்டையைத் தீர்க்க எழுதப்பட்டது. உள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள் என்ற செய்தி பவுலுக்கு எட்டியது. அதற்கு மறுமொழியாகத்தான் ஆண்டவரின் இரவுணவை அவர் நினைவூட்டுகிறார். திருச்சபையின் மையச் சடங்கைப் பற்றிய போதனை, யார் முதலில் உண்பது, யார் காத்திருப்பது என்ற தகராறிலிருந்து வந்திருக்கிறது.

அதன் அருகில் வில்சனின் 1833ஆம் ஆண்டுச் சுற்றுமடலையும், அதை எதிர்த்தோரின் வாதத்தையும், சூசை வழக்கின் தீர்ப்பையும் வைக்கலாம். இந்த நான்கையும் சேர்த்துப் படிக்கும் மாணவர் வேறு வழியின்றிக் கேட்பார்: கிறிஸ்துவின் உடல் என்றால் என்ன? அதிலிருந்து, கடவுள் உடலெடுத்தார் என்பதற்கு என்ன பொருள் என்ற கேள்வி பிறக்கும். அப்போது நிசேயாவும் கல்கேதோனும் அவருக்குத் தேவைப்படும். தீட்டை மனதில் சுமக்கும் சபை திருந்தாதது ஏன் என்ற கேள்வி பாவக் கோட்பாட்டுக்கு இட்டுச்செல்லும், அகுஸ்தீன் தேவைப்படுவார். சட்டம் ஆணையிட்டும் மாறாத இதயம் எதனால் மாறும் என்ற கேள்வியில் லூதர் வருவார். சபை தவறும்போது அதை எதிர்த்துப் பேசும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியில் பார்த் வருவார். பழைய பாடத்தின் எந்தப் பெயரும் விடுபடவில்லை. ஒவ்வொருவரும் கேள்வியோடு காத்திருக்கும் மாணவரிடம் வந்து சேர்கிறார்கள். ரமாபாயும் நிர்மலும் கிளார்க்கும் லோங்சாரும் அதே மேசையில் அமர்கிறார்கள்; அடைமொழி யாருக்கும் இல்லை, அல்லது எல்லோருக்கும் உண்டு.

தேர்வும் மாற வேண்டும். ‘திரித்துவக் கோட்பாட்டை விளக்குக’ என்பதற்கு விளக்கம் எழுதத் தெரிந்தவருக்கு மதிப்பெண் கிடைக்கட்டும். அதோடு, தம் சபையில், தம் ஊரில், தாம் கண்ட ஒரு கேள்வியைத் துல்லியமாக வகுத்து, அதற்கு மரபின் எந்தப் பகுதி துணை நிற்கிறது, எந்தப் பகுதி தடை நிற்கிறது என்று எழுதவும் ஒரு கட்டாய வினா இருக்கட்டும். விட்டுவிட்டு வேறொன்றை எழுதும் உரிமை அந்த வினாவுக்கு மட்டும் வேண்டாம்.

சாதி, நிறம், நாடு எதுவும் சேர்க்கைக்குத் தடையாகாது என்று தன் விதிகளில் எழுதிவைத்த கல்லூரி செராம்பூர். 1818இல் அது தொடங்கப்பட்டபோது அறிவித்த நோக்கம், ஆசியக் கிறிஸ்தவரும் மற்ற இளைஞரும் கீழை இலக்கியத்தையும் ஐரோப்பிய அறிவியலையும் சேர்த்துக் கற்பது. இரண்டு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. வாயிலில் தடை நீங்கிய மாணவரின் கேள்வி இன்னும் பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் காத்து நிற்கிறது. அடுத்த கல்வியாண்டுக்குப் பாடத்திட்டம் வகுக்க அமரும் குழுக்களுக்கு, கடைசி அலகை எடுத்து முதலில் வைக்கப் புதிய கட்டடமோ நிதியோ வேண்டியதில்லை. கொரிந்துவின் பந்தியில் பிந்தி வந்தவர்களுக்காகக் காத்திருங்கள் என்று பவுல் சொன்னதை, அவர்களும் தம் பாடத்திற்குச் சொல்லப்பட்டதாக ஒரு முறை படித்துப் பார்த்தால் போதும்.